எக்செல் மேக்ரோவில் ஒப்பீடு தப்பாகப் போகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பேசிக் குடும்பத்து மொழிகளில் ஒப்பீட்டுக் குறிகள் மொத்தம் ஆறுதான்: =, <>, <, >, <=, >=. அரை மணி நேரத்தில் கற்றுவிடலாம். ஆனாலும் மேக்ரோ எழுதுகிறவர்களின் பொழுதைத் தின்பதில் இந்த ஆறுக்கும் பெரிய பங்கு உண்டு. குறி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் நிற்பது எண்ணா, எழுத்தா, தேதியா, வெற்று செல்லா என்பதைக் கவனிக்காமல் விடுவதில்தான் கோளாறு. அதனால் கீழே சொல்லும் பிழைகளில் முக்கால்வாசிக்கு மருந்து குறியை மாற்றுவதல்ல, பக்கத்தில் நிற்பதை மாற்றுவதுதான்.

உதாரணத்துக்கு வைகை அணையின் நீர்மட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டிபட்டி அருகே இருக்கும் அந்த அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். மதுரையில் ஆற்றங்கரையோரம் இருப்பவர்களுக்கு மனப்பாடமான எண்கள் இவை. ஒப்பீட்டுக் குறிகளைச் சோதிக்க இதைவிடத் தோதான எண்கள் கிடைக்காது. கூடவே ஒரு மதிப்பெண் பட்டியலும் மாட்டுத்தாவணி பூக்கடைக் கணக்கு ஒன்றும் வரும்.

எடுத்துக்கொண்ட மொழி, பேசிக் குடும்பத்தைச் சேர்ந்த, எக்செலில் மேக்ரோ எழுத உதவும் விபிஏ. நிரல் வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். எடிட்டரில் அவற்றை வழக்கமான ஆங்கிலச் சொற்களாகவே அடிக்க வேண்டும், மாறிகளின் பெயர் உட்பட.

முதலில் இரண்டு ஏற்பாடுகள். மாட்யூலின் (நிரல் எழுதும் பக்கத்தின்) முதல் வரியாக ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் என்று போடுங்கள். இது இல்லாவிட்டால், மட்டம் என்ற மாறியை ஓரிடத்தில் மட்டாம் என்று தவறாக அடித்தாலும் விபிஏ வாய் திறக்காது. புதிதாக ஒரு வெற்று மாறியை உருவாக்கி, ஒப்பிடும்போது அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். அணை நிரம்பி வழிந்தாலும் >= 66 உண்மையாகாது. அடுத்து, எடிட்டரில் கன்ட்ரோல்+ஜி அழுத்தி இமீடியட் விண்டோவைத் திறந்து வையுங்கள். சந்தேகமான ஒப்பீட்டை முன்னால் ஒரு கேள்விக்குறியோடு அங்கே அடித்து என்டர் தட்டினால் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று பதில் வரும். மேக்ரோவை முழுதாக ஓட்டி மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அறிகுறி: வரி சிவப்பாகிறது, ஓடவே மாட்டேன் என்கிறது

சி, ஜாவா, பைத்தான் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வருவது. == என்றோ != என்றோ அடித்தால் விபிஏ ஏற்காது. சமத்துக்கு ஒற்றை =, சமமில்லை என்பதற்கு <>. குறிகளை => என்றும் =< என்றும் திருப்பி அடித்தால் எடிட்டரே >=, <= என்று மாற்றிக்கொள்ளும்.

ஒற்றை = இரண்டு வேலை பார்க்கிறது என்பதால் இன்னொரு வினை வரும். இரண்டு மாறிகளுக்கும் 0 வைக்கலாம் என்று நினைத்து

அ = ஆ = 0

என்று எழுதினால் பிழைச் செய்தி வராது. முதல் = மட்டும்தான் மதிப்பை வைக்கிறது; அடுத்தது ஒப்பீடு. ஆ பூஜ்யமா என்று பார்த்து அந்த விடையை அ-வில் போடும். அ முழு எண் வகையாக இருந்தால் அதில் -1 அல்லது 0 உட்கார்ந்திருக்கும். கணக்கில் எங்கிருந்தோ ஒரு -1 முளைத்தால் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். தனித்தனி வரியாக எழுதுவதே வழி.

அந்த -1 முக்கியம். விபிஏவில் ட்ரூ என்பது எண்ணாக -1, ஃபால்ஸ் என்பது 0. அடுத்து வரும் இரண்டு அறிகுறிகளும் இதிலிருந்து பிறந்தவை.

அறிகுறி: அணையில் 40 அடிதான் இருக்கிறது, எச்சரிக்கை வருகிறது

நிரலில் இப்படி இருக்கும்:

இஃப் 66 <= மட்டம் < 68.5 தென்

கணக்கு நோட்டில் இது சரி. பைத்தானிலும் சரி. விபிஏ இதை இடமிருந்து வலமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறது. மட்டம் 40 என்றால் 66 <= 40 முதலில் ஃபால்ஸ், அதாவது 0. பிறகு 0 < 68.5 என்று பார்க்கிறது. உண்மைதான்! மட்டம் 70 என்றால் முதல் பகுதி ட்ரூ, அதாவது -1. -1 < 68.5 என்பதும் உண்மை. ஆக மட்டம் என்னவாக இருந்தாலும் நிபந்தனை நிறைவேறும். இமீடியட் விண்டோவில்

? 66 <= 40 < 68.5

என்று அடித்துப் பாருங்கள், ட்ரூ என்றே வரும்.

இதையே திருப்பி 68.5 > மட்டம் >= 66 என்று எழுதினால் விளைவும் தலைகீழ். முதல் பகுதி தருவது -1 அல்லது 0. இரண்டும் 66ஐ எட்டவே எட்டாது. எச்சரிக்கை ஒருநாளும் வராது. முதல் வகை தப்பாவது கூவிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த இரண்டாவது வகை வெள்ளம் வரும்வரை சும்மா இருக்கும்.

சரியான வடிவம்:

இஃப் மட்டம் >= 66 அண்ட் மட்டம் < 68.5 தென்

மாறியின் பெயரை இரண்டு தடவை அடிக்கச் சோம்பல் வேண்டாம்.

அறிகுறி: எதைக் கொடுத்தாலும் நிபந்தனை உண்மை

பேச்சுவழக்கை அப்படியே நிரலாக்கும்போது வருவது. "வார்டு 5 அல்லது 7 என்றால்" என்பதை

இஃப் வார்டு = 5 ஆர் 7 தென்

என்று எழுதுகிறார்கள். விபிஏவில் ஆர் என்பது பிட்டு பிட்டாகச் சேர்க்கும் குறியும்கூட. வார்டு 5 இல்லை என்றால் 0 ஆர் 7, விடை 7. பூஜ்யமல்லாத எதுவும் இஃப்-க்கு உண்மைதான். எழுதவேண்டியது: வார்டு = 5 ஆர் வார்டு = 7. எண்ணுக்குப் பதில் ஊர்ப்பெயர்களை இப்படி எழுதினால் பிழை 13, டைப் மிஸ்மேட்ச் என்று நின்றுவிடும். அது ஒருவகையில் நல்லது.

இதற்குத் தம்பி ஒன்று உண்டு. ஒரு சொல் வாக்கியத்தில் இருக்கிறதா என்று தேட இன்ஸ்டர் பயன்படுத்துவோம். அது ட்ரூ, ஃபால்ஸ் தருவதில்லை; சொல் எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது என்ற எண்ணைத் தரும், இல்லாவிட்டால் 0. இப்போது

இஃப் நாட் இன்ஸ்டர்(முகவரி, ஊர்) தென்

என்று எழுதினால் என்ன ஆகும்? ஊர் மூன்றாவது இடத்தில் கிடைத்தால் நாட் 3, அதாவது -4. பூஜ்யமல்ல, ஆகவே உண்மை. கிடைக்காவிட்டால் நாட் 0, அதாவது -1. அதுவும் உண்மை. கிடைத்தாலும் "இல்லை" என்கிற கிளைக்கே போகும். இன்ஸ்டர்(முகவரி, ஊர்) = ட்ரூ என்று எழுதுவதும் உதவாது, ஏனென்றால் 3 = -1 ஒருபோதும் ஆகாது. எண் தரும் செயற்பாட்டை எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்: இருக்கிறதா என்பதற்கு > 0, இல்லையா என்பதற்கு = 0.

அறிகுறி: 69 அடியைத் தாண்டியும் முதல் கட்ட எச்சரிக்கையே வருகிறது

எல்ஸ்இஃப் வரிசை தலைகீழாக இருக்கிறது. மேலிருந்து கீழாக, முதலில் உண்மையாகும் கிளையில் நிரல் இறங்கிவிடும், மற்றதைப் பார்க்காது. 70 அடியும் >= 66 தான். ஆகவே பெரிய வரம்பு மேலே:

இஃப் மட்டம் >= 69 தென்
  நிலை = 3
எல்ஸ்இஃப் மட்டம் >= 68.5 தென்
  நிலை = 2
எல்ஸ்இஃப் மட்டம் >= 66 தென்
  நிலை = 1
எல்ஸ்
  நிலை = 0
எண்ட் இஃப்

இப்படி எழுதினால் அண்ட் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். 69க்கு மேல் இருந்தால் முதல் கிளையே பிடித்துவிடும் என்பதால் இரண்டாவது கிளைக்கு வருவது தானாகவே 69க்குக் கீழ்.

செலக்ட் கேஸ் விரும்புகிறவர்களுக்கு இரண்டு பள்ளங்கள். கேஸ் 66 டு 68.49 என்று எழுதினால் 68.495 என்ற மதிப்பு இரண்டு வரம்புக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகும். கேஸ் இஸ் >= 69, கேஸ் இஸ் >= 68.5 என்று மேலிருந்து இறங்குங்கள், இடைவெளியே இருக்காது. இரண்டாவது பள்ளம் விசித்திரமானது. செலக்ட் கேஸ் மட்டம் என்று தொடங்கி, உள்ளே கேஸ் மட்டம் >= 69 என்று எழுதினால், விபிஏ முதலில் மட்டம் >= 69 என்பதற்கு விடை கண்டு, பிறகு அந்த -1 அல்லது 0-வை மட்டத்தோடு ஒப்பிடும். 70 அடியில் 70 = -1 ஆகாது, எச்சரிக்கை இல்லை. மட்டம் 0 என்று இருந்தால்? 0 >= 69 ஃபால்ஸ், அதாவது 0; 0 = 0 பொருந்துகிறது. அணை வறண்டு கிடக்கும்போது மூன்றாம் கட்ட வெள்ள எச்சரிக்கை வரும்.

எழுதி முடித்ததும் வரம்பின் மேலேயும் இரு பக்கமும் வைத்துச் சோதியுங்கள்: 65.9, 66, 68.4, 68.5, 68.9, 69, 71. நடுவான எண்களை மட்டும் கொடுத்துப் பார்த்தால் > போட்ட இடத்தில் >= வேண்டியிருந்தது தெரியவே தெரியாது. "66 அடியை எட்டியதும்" என்றால் >=, "66 அடியைத் தாண்டியதும்" என்றால் >. எழுதச் சொன்னவரிடம் இதை ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: நேற்றுவரை சரியாக ஓடியது, வரம்பை செல்லுக்கு மாற்றியதும் தப்பு

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு சார்" என்று வருகிற கோப்புகளில் பெரும்பகுதி இந்த வகை. பழைய நிரலில் இருந்தது:

இஃப் செல்ஸ்(2, 2).வேல்யூ >= 69 தென்

புதிதாக, வரம்பை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும் என்று சி நெடுவரிசையில் வைத்து

இஃப் செல்ஸ்(2, 2).வேல்யூ >= செல்ஸ்(2, 3).வேல்யூ தென்

என்று மாற்றியிருப்பார்கள். உடனே 40 அடிக்கும் எச்சரிக்கை. பார்வைக்கு பி2வில் 40, சி2வில் 69. எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது.

பி2வில் இருப்பது 40 என்ற எண்ணல்ல, "40" என்ற எழுத்து. நிரலில் நேரடியாக 69 என்று இருந்தபோது விபிஏ அந்த எழுத்தை எண்ணாக்கி ஒப்பிட்டது. அதனால் பிழை வெளியே தெரியவில்லை. இப்போது இரண்டு பக்கமும் செல்லிலிருந்து வருகிறது, அதாவது இரண்டுமே வேரியன்ட் (எண், எழுத்து என எதையும் ஏற்கும் வகை). வேரியன்ட் இரண்டில் ஒன்று எண், மற்றொன்று எழுத்து என்றால் விபிஏவின் விதி: எண் எப்போதும் எழுத்தைவிடச் சிறியது. மதிப்பைப் பார்ப்பதே இல்லை. "40" மட்டுமல்ல, "1" இருந்தாலும் 69ஐவிடப் பெரியதுதான்.

உறுதி செய்ய இமீடியட் விண்டோவில்

? டைப்நேம்(செல்ஸ்(2, 2).வேல்யூ)

என்று கேளுங்கள். டபுள் என்று வந்தால் எண், ஸ்ட்ரிங் என்று வந்தால் எழுத்து. செல்லிலேயே தடயமும் இருக்கும்: எண் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மூலையில் சின்னதாகப் பச்சை முக்கோணம். வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய கோப்பு, முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு அடித்தது, டெக்ஸ்ட் என்று வடிவம் வைத்த பிறகு அடித்தது, இவை மூன்றும்தான் வழக்கமான காரணம். பிறகு வடிவத்தை நம்பர் என்று மாற்றினால் மட்டும் உள்ளே இருப்பது மாறாது. நெடுவரிசையைத் தேர்ந்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் நேராக ஃபினிஷ் தட்டுங்கள், மொத்தமும் எண்ணாகிவிடும்.

நிரல் பக்கம் பாதுகாப்பு: இரண்டையும் சிடபுள் கொண்டு எண்ணாக்கி, டபுள் என்று அறிவித்த மாறியில் வைத்துப் பிறகு ஒப்பிடுங்கள். அறிவிக்கும்போது

டிம் மட்டம், வரம்பு ஆஸ் டபுள்

என்று எழுதினால் வரம்பு மட்டும்தான் டபுள். மட்டம் வேரியன்டாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆஸ் டபுள் வேண்டும்.

எழுத்தை எண்ணாக்க சிடபுளா, வேல் என்ற செயற்பாடா என்ற கேள்வி வரும். "68.5 அடி" என்று யாராவது அடித்திருந்தால் வேல் 68.5 என்று எடுத்துக்கொள்ளும், சிடபுள் பிழை 13 காட்டி நிற்கும். "1,250" என்று ரூபாய் இருந்தால் சிடபுள் 1250 என்று சரியாகத் தரும், வேல் கமாவைக் கண்டதும் நின்று 1 என்று தரும். பூக்கடைக் கணக்கில் கிலோ 1,250 ரூபாய் மல்லிகையை 1 ரூபாயாக்கும் வேல்-ஐவிட, கத்திக்கொண்டு நிற்கும் சிடபுள் எவ்வளவோ பரவாயில்லை. இரண்டு பக்கமும் எழுத்தாக இருந்தால் இன்னொரு கூத்து: "9" > "10" உண்மையாகும், முதல் எழுத்தை மட்டும் பார்த்து. இன்புட்பாக்ஸ் தருவது எப்போதும் எழுத்துதான் என்பதை நினைவில் வையுங்கள்.

அறிகுறி: தேர்வுக்கே வராத மாணவர் பெயரில் "தோல்வி"

மதிப்பெண் நெடுவரிசையில் வெற்று செல். நிபந்தனை < 35. வெற்று செல்லை எண்ணோடு ஒப்பிட்டால் 0, எழுத்தோடு ஒப்பிட்டால் "". ஆகவே வராதவரும் 35க்குக் கீழே. பட்டியலின் அடியில் உள்ள வெற்று வரிசைகளும் அப்படியே.

ஒப்பிடும் முன்னால் லென்(செல்.வேல்யூ) = 0 என்று பார்த்து அவர்களை ஒதுக்குங்கள். இஸ்எம்ப்டி போதுமே என்றால், செல்லில் "" தரும் ஃபார்முலா இருந்தால் அது வெற்றல்ல என்று சொல்லிவிடும். இஸ்நியூமரிக்கையும் இதற்கு நம்பாதீர்கள். உண்மையிலேயே வெற்றான செல்லை அது எண் என்றே சொல்லும்.

அறிகுறி: பிழை 13 சில வரிசைகளில் மட்டும்

நிரல் நின்ற இடத்தில் டீபக் தட்டி, மஞ்சள் வரியிலுள்ள மாறியின் மேல் மவுஸை வையுங்கள். பெரும்பாலும் "வரவில்லை", "-", "66 அடி" போன்ற எழுத்து, அல்லது "" தரும் ஃபார்முலா, அல்லது #என்/ஏ போன்ற பிழை மதிப்பு. கடைசியானதை எதனோடு ஒப்பிட்டாலும் 13 தான். இஸ்எரர் கொண்டு முதலில் வடிகட்ட வேண்டும்.

ஆனால் இஃப் நாட் இஸ்எரர்(வி) அண்ட் வி > 66 தென் என்று ஒரே வரியில் எழுதினால் வடிகட்டி வேலை செய்யாது. விபிஏவின் அண்ட் இடப்பக்கம் பொய்யானாலும் வலப்பக்கத்தைக் கணக்கிட்டே தீரும். இஃப்புக்குள் இஃப்பாகப் பிரித்து எழுதுங்கள். தேடிக் கிடைக்காத செல்லை நத்திங்-ஓடு (எதுவும் இல்லை என்பதற்கான சொல்) சோதிக்கும்போது பிழை 91 வருவதும் இதே காரணத்தால். நத்திங்-ஓடு ஒப்பிட = வராது, இஸ் மட்டுமே வரும்.

அறிகுறி: பத்து நூறு கிராம் ஒரு கிலோ ஆகவில்லை

பூக்கடையில் நூறு நூறு கிராமாக எடை போட்டு, மொத்தம் 1 கிலோவைத் தொட்டால் விலையில் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். 0.1ஐ பத்து தடவை டபுள் மாறியில் கூட்டுகிறீர்கள். எடை >= 1 என்பது ஃபால்ஸ். அச்சிட்டால் 1 என்றே காட்டும். ஆனால்

? எடை - 1

என்று கேட்டால் -1.11022302462516இ-16 என்று வரும். பத்தின் அடுக்கில் சுத்தமாக எழுத முடிகிற 0.1ஐ இரண்டின் அடுக்கில் சுத்தமாக எழுத முடியாது. ஒவ்வொரு கூட்டலிலும் துளி துளியாகச் சேரும் பிசிறு இது. அணையின் 66, 68.5, 69 மூன்றும் இரண்டின் அடுக்கில் துல்லியமாக உட்காரும் எண்கள், அதனால் நேரடியாகப் படித்த மட்டத்தில் இந்தத் தொல்லை வராது. 0.1 அடி உயர்வுகளைக் கூட்டிக்கொண்டே போய் மட்டம் கண்டுபிடித்தால் வரும்.

எடைக்குச் சிறந்த வழி கிராமில், லாங் வகை முழு எண்ணாக வைப்பது. 1000 >= 1000 என்பதில் தகராறே இல்லை. பணத்துக்குக் கரன்சி வகை. நான்கு தசம இடம்வரை துல்லியம். இரண்டும் முடியாத இடத்தில் = போடாமல் ஏபிஎஸ்(எடை - 1) < 0.0001 என்று நெருக்கத்தைப் பாருங்கள். ரவுண்ட் போட்டும் ஒப்பிடலாம். ஆனால் விபிஏவின் ரவுண்ட் 2.5ஐ 2 ஆக்கும், 3.5ஐ 4 ஆக்கும். சரிபாதி வந்தால் இரட்டைப்படைப் பக்கம் சாய்வது அதன் வழக்கம்.

அறிகுறி: இரண்டு ஊர்ப்பெயரும் ஒன்றாகத் தெரிகிறது, = பொய் என்கிறது

ஆங்கிலப் பெயர் என்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு. மாட்யூல் தலைப்பில் ஆப்ஷன் கம்பேர் டெக்ஸ்ட் போட்டாலோ, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும் எல்கேஸை இரண்டு பக்கமும் போட்டாலோ தீர்ந்தது. கடைசியில் ஒளிந்திருக்கும் இடைவெளிக்கு ட்ரிம். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதென்றால் அது சாதாரண இடைவெளியாக இல்லாமல் 160ஆம் எண் இடைவெளியாக இருக்கலாம். ட்ரிம் அதைத் தொடாது, ரிப்ளேஸ் கொண்டு மாற்ற வேண்டும்.

தமிழ்ப் பெயருக்கு நோய் வேறு. முதலாவது, விபிஏ எடிட்டருக்கு யூனிகோட் தெரியாது. நிரலுக்குள் "மேலூர்" என்று ஒட்டினால் அது கேள்விக்குறிகளாக மாறிவிடும், பிறகு செல்லிலுள்ள மேலூரோடு எப்படிப் பொருந்தும்? ஒப்பிட வேண்டிய ஊர்ப்பெயர்களைத் தனி ஷீட்டில் செல்களில் வைத்து அங்கிருந்து படியுங்கள். லிப்ரே ஆபிஸின் பேசிக் எடிட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது. சோழவந்தான் என்பதை எடுங்கள். "சோ" என்பதை ச-வோடு ஓகாரக் குறி ஒன்றாகச் சேர்த்தும் எழுதலாம். ச, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே சோழவந்தான். லென் கேட்டால் ஒன்று 10, மற்றது 11. எண்களைப் பார்க்க:

ஃபார் இ = 1 டு லென்(பெயர்)
  டீபக்.பிரின்ட் ஏஎஸ்சிடபிள்யூ(மிட்(பெயர், இ, 1))
நெக்ஸ்ட்

ஒன்றில் 2970, 3019 என்று தொடங்கும். மற்றதில் 2970, 3015, 3006. ஒப்பிடும் முன்னால் மூன்று ரிப்ளேஸ் போட்டு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்: 3014, 3006 சேர்ந்து வந்தால் 3018 (ஒகரம்), 3015, 3006 வந்தால் 3019 (ஓகாரம்), 3014, 3031 வந்தால் 3020 (ஔகாரம்). ஸ்ரீ என்பதற்கும் இரண்டு எழுத்துமுறை உண்டு, ஒன்று 3000இல் தொடங்கும், மற்றது 2998இல். வாக்காளர் பட்டியல், பயனாளிகள் பட்டியல் என்று பல கை பட்டு வந்த தரவுகளில் இது சர்வ சாதாரணம்.

அந்த வளையத்தில் 2944க்கும் 3071க்கும் இடைப்பட்ட எண்ணே வராமல் சின்னச் சின்ன எண்களாக வந்தால், அது யூனிகோட் தமிழே அல்ல. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. டிடிபி சென்டர்களிலிருந்து வரும் பட்டியல்களில் பார்க்கலாம். அதை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகுதான் எந்த ஒப்பீடும்.

< > கொண்டு தமிழ்ப் பெயர்களை அகர வரிசைப்படுத்துவதையும் எதிர்பார்க்காதீர்கள். குறியீட்டு எண் வரிசையில் ன, ந-வுக்கு அடுத்தே வந்துவிடும். ற, ர-வுக்கு அடுத்து. புள்ளியின் எண் 3021, உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பிறகு. அதனால் அகராதியில் மகனுக்கு முன்னால் வரும் மக்கள் இங்கே பின்னால் போய்விடும்.

அறிகுறி: 2023 டிசம்பர் பில், 2024 ஜனவரிக்குப் பிந்தையதாகிறது

தேதி எழுத்தாக இருக்கிறது. "09/12/2023" > "05/01/2024" என்பது எழுத்து ஒப்பீட்டில் உண்மை. டைப்நேம் கேட்டு டேட் என்று வருகிறதா பாருங்கள். வராவிட்டால் நாள், மாதம், ஆண்டை மிட் கொண்டு பிரித்து டேட்சீரியல்(2024, 1, 5) என்று கட்டுங்கள். நிரலுக்குள் #5/1/2024# என்று எழுதினால் அது நம் ஊர் ஜனவரி 5 அல்ல, மே 1. விபிஏ அந்த இடத்தில் மாதத்தை முன்னால் வைத்தே படிக்கும், கணினியின் அமைப்பு என்னவாக இருந்தாலும்.

தேதி சரியாக இருந்தும் = பொருந்தவில்லை என்றால் பின்னால் நேரம் ஒட்டியிருக்கும். காலை 6 மணி என்பது தேதியோடு 0.25. இன்ட் கொண்டு நேரத்தைக் கழற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: வேறு பேசிக்கில் எழுதிய நிரல், இங்கே வேறு விடை

மாணவர்கள் ஸ்மால் பேசிக்கில் பழகிவிட்டு வரும்போது இது வரும். அங்கே எழுத்துகளுக்கு = உண்டு, ஆனால் < > போட்டால் இரண்டு பக்கமும் எண்ணாக மாறும்; எண்ணாகாத எழுத்து 0. இரண்டு பெயர்களுக்கு இடையே < போட்டால் எப்போதும் பொய், <= போட்டால் எப்போதும் உண்மை. பெயர் வரிசைப்படுத்தும் பயிற்சியை அதில் கொடுத்தால் மாணவர் மேல் தப்பில்லை. தசம எண்களை அது பத்தின் அடுக்கிலேயே வைத்திருப்பதால் பத்து தடவை 0.1 அங்கே சரியாக 1 ஆகிவிடும். அதே நிரலை விபிஏவுக்குக் கொண்டுவந்ததும் பூக்கடைப் பிசிறு தலைகாட்டும். பழைய ஆப்பிள் கணினியின் ஆப்பிள்சாஃப்ட் பேசிக்கிலும் சின்க்ளேர் பேசிக்கிலும் உண்மையின் மதிப்பு -1 அல்ல, 1. அந்தக் காலத்துப் புத்தகத்திலிருந்து எடுத்த நிரலில் மொத்தம் = மொத்தம் + (மதிப்பெண் >= 35) என்பதுபோல ஒப்பீட்டையே கூட்டியிருந்தால், விபிஏவில் தேர்ச்சி பெற்றவர்களின் எண்ணிக்கை மைனஸில் வரும். + இருக்கும் இடத்தில் - போட்டால் சரியாகிவிடும், ஆனால் அடுத்து படிக்கிறவருக்காக இஃப் போட்டே எழுதுங்கள்.